ஒரே எழுத்துக்கூட்டு, இரண்டு உச்சரிப்பு: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பள்ளிக்கூடத்திலிருந்தே ஆங்கிலம் படித்தோம், எழுதுவதில் தடுமாற்றம் இல்லை, வாய் திறந்தால் மட்டும் எதிரில் இருப்பவர் ஏன் விழிக்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எழுத்துக்கூட்டு மாறாமல், உச்சரிப்பும் பொருளும் மாறிவிடும் சொற்கள்.

நமக்கு இது புதிய சங்கதி அல்ல. தீப்பந்தத்தில் வரும் பந்தத்தையும் சொந்தபந்தத்தில் வரும் பந்தத்தையும் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஒரே மாதிரி சொல்வதில்லை. ‘நீரில் கண்டம்’ என்று ஜோதிடர் சொன்னால் யாரும் ஆப்பிரிக்காவை நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் காதுக்கு வரும்வரைதான் சிரமம்.

எல், ஈ, ஏ, டி என்ற நான்கு எழுத்தைப் பாருங்கள். பூங்கா வாசல் பலகையில் நாய்களைப் பற்றிய அறிவிப்பில் வந்தால் அது ‘லீட்’, நாயைப் பிடித்துவரும் வார். தண்ணீர் கம்பெனியின் கடிதத்தில் குழாயோடு சேர்ந்து வந்தால் ‘லெட்’, அதாவது ஈயம். 1970க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இருக்க வாய்ப்புண்டு. கைக்குழந்தையோடு பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இதை அவசியம் விசாரிக்க வேண்டும். ‘லீட் பைப்’ என்று கேட்டால், அது ‘லீக்’ என்று காதில் விழுந்து, குழாய் ஒழுகுகிறது என்று எண்ணி வீட்டுக்காரர் பிளம்பரை அனுப்பிவைத்தாலும் வைப்பார்.

ஊர்ப் பெயர்களில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். லண்டனின் எலிசபெத் ரயில் தடத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஊரின் பெயர், வாசிப்பதைக் குறிக்கும் ‘ரீடிங்’ போலவே எழுதப்படும். ஊரை ‘ரெடிங்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயிலில் நகருக்குள் போகும்போது வரும் ‘போ ரோடு’ நிலையத்தில், வில்லுக்குரிய ஓசை. தலைவணங்குவதற்குரிய ‘பௌ’ அல்ல. செய்தித் தலைப்புகளில் அடிக்கடி வரும் ‘ரௌ’ சண்டையைக் குறிக்கும். தியேட்டர் டிக்கெட்டில் அதே மூன்று எழுத்து ‘ரோ’, இருக்கை வரிசை.

இவையெல்லாம் ஒருமுறை கேட்டால் மனதில் நின்றுவிடும். உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தேனீ முரல்வதுபோல் அதிரும் ‘ஸ்’ ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை, நம் நாக்கிலும் பழக்கமில்லை. முகவரியின் கடைசியில் ‘க்ளோஸ்’ என்று வந்தால் அது முட்டுச்சந்து. அங்கே அதிர்வு கூடாது. கதவை மூடச் சொல்லும் ‘க்ளோஸ்’ அதிர வேண்டும். ‘யூஸ்’ என்பதும் அப்படியே: பயன் என்ற பெயர்ச்சொல்லில் அதிர்வில்லை, பயன்படுத்து என்ற வினையில் உண்டு.

அதிர்வோடு அழுத்தமும் சேர்ந்து மாறும் சொல் ஒன்று உங்கள் வீட்டுக்கே வரும். நகரசபையின் குப்பைத்தொட்டி அறிவிப்பில் இருப்பது ‘ரெஃப்யூஸ்’: முதல் அசையில் அழுத்தம், கடைசியில் அதிர்வில்லை. பொருள் குப்பை. விசா முடிவுக் கடிதத்தில் அதே எழுத்துகள் வந்தால் ‘ரிஃப்யூஸ்’: இரண்டாம் அசையில் அழுத்தம், கடைசியில் அதிர்வு. பொருள் மறுப்பு. முன்னதைப் பார்த்துப் பதற வேண்டாம்!

அழுத்தம் மாறினால் பொருள் மாறும் வழக்கம் தமிழில் இல்லை. அதனால் ஆங்கிலச் சொற்களையும் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்துச் சொல்லிவிடுகிறோம். ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘ரெ’ ஓங்க வேண்டும். பதிவுசெய் என்ற வினைக்கு ‘கார்ட்’ ஓங்கி, முன்னசை ‘ரி’ என்று சுருங்கிவிட வேண்டும். நாமோ இரண்டுக்கும் ‘ரெக்கார்ட்’ என்போம். பெர்மிட், பிரசென்ட், ஆப்ஜெக்ட் ஆகியவையும் இதே குடும்பம்: பெயரானால் முன்னால், வினையானால் பின்னால். ‘ரிப்போர்ட்’ போல, இரண்டுக்கும் அழுத்தம் பின்னாலேயே நிற்கும் சொற்களும் உண்டு என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அகராதியில் அழுத்த அசைக்கு முன்னால் சிறிய செங்குத்துக் கோடு இருக்கும். இணைய அகராதியில் ஒலிக்குறியைத் தட்டுமுன் நீங்கள் பார்ப்பது பெயரா வினையா என்று கவனியுங்கள். பலர் மேலே இருக்கும் முதல் ஒலியைக் கேட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்த வாரம் உங்கள் கைக்கு வரும் கடிதத்திலும் பலகையிலும் உள்ளவை போதும்.

தொலைபேசியில் ஒரு சொல் எதிராளிக்குப் புரியவில்லை என்றால், அதையே உரக்கச் சொல்லாதீர்கள். வேறு சொல்லுக்கு மாறிவிடுங்கள். குப்பையைப் பற்றிப் பேச ‘ரப்பிஷ்’ இருக்கிறது. இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.