பெங்களூரின் பழைய தோட்டங்கள்: பெற்றோருடன் எங்கே செல்லலாம்?

கேள்வி: மரங்களின் மீது பெரும் பற்றுடைய என் வயதான பெற்றோருடன் இரண்டு நாள் பெங்களூருக்கு வருகிறேன். எந்தப் பூங்காக்களைக் காட்டலாம்?

மறுமொழி 1: லால்பாக்கிற்கு ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள். 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் பிறநாட்டு மரங்களை வரவழைத்து வளர்த்த அத்தோட்டத்தில், 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைவிட, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறைக்குன்றே என்னை மீண்டும் மீண்டும் ஈர்க்கிறது. அதன் உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடரின் பெயர் தாங்கிய கோபுரம் நிற்கிறது. பாறை சூடேறுவதற்கு முன் ஏறிவிடுங்கள்.

மறுமொழி 2: மாலையில், 1870-இல் உருவான கப்பன் பூங்காவின் மூங்கில் நிழலில் அமர்ந்திருப்பது அவர்களுக்கு இதமாக இருக்கும்.

மறுமொழி 3: மறுநாள் விடியலில், சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலைக்குச் செல்லலாம், விடுமுறை நாள்களில் நெரிசல் மிகுதி என்பதால் வாரநாளே நல்லது.