"எனக்குக் கணக்கு வராது" என்று நம்பிவிட்ட மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். ஊரகப் பகுதியிலுள்ள ஒரு பள்ளியில் 11 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். இவ்வாண்டு என் ஒன்பதாம் வகுப்பில் 38 மாணவர்கள் இருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வில் அவர்களுள் 16 பேர் வினாத்தாளில் இருந்த வினாக்களையே விடைத்தாளில் அழகாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். காரணம் கேட்டபோது ஒரு மாணவி, வருத்தமோ தயக்கமோ சிறிதுமின்றி, "எங்க வீட்ல யாருக்குமே கணக்கு வராது டீச்சர்" என்றாள். தன் உயரத்தையோ நிறத்தையோ சொல்வதைப் போல அவள் அதைச் சொன்ன விதம்தான் என்னை உறங்கவிடவில்லை.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர், "மெல்லக் கற்போருக்கு வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் மட்டும் பழக்கிவிடுங்கள், பத்தாம் வகுப்பில் 35 வாங்கிவிடுவார்கள்" என்று அறிவுரை கூறியபோது, மறுத்துப் பேச வேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு எழவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. முதலில் அவர்களுக்கு நம்பிக்கையை ஊட்ட வேண்டுமா, பாடத்தைக் கற்பிக்க வேண்டுமா? நம்பிக்கை தளர்ந்துபோன ஆசிரியர் அதை எப்படித் தொடங்குவது?

மறுமொழி 1: கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர்

அம்மா, வணக்கம். பொதுவாகத் தன்னம்பிக்கை என்று நாம் சொல்வதிலிருந்து வேறுபடுத்தி, "இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்" என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கையை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தனியே விளக்கினார். உங்கள் மாணவி கபடியிலோ கோலத்திலோ மிகுந்த துணிவுள்ளவளாக இருக்கலாம். கணக்கில் மட்டும் அது இல்லாமல் இருக்கலாம். இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்றார் அவர்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், அந்த வேளையில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே மிக வலியது. ஆகவே நம்பிக்கையா பாடமா என்ற கேள்விக்கு என் விடை, பாடத்தின் வழியே நம்பிக்கை என்பதுதான்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1981இல் பண்டூராவும் ஷங்க்கும் கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்த, அதில் ஆர்வமும் இல்லாத சிறுவர்களுக்கு 42 பக்கப் பயிற்சியை ஏழு அமர்வுகளில் தந்தார்கள். ஒரு குழுவிடம் ஓர் அமர்வுக்கு ஆறு பக்கங்கள் முடிக்க முயலுமாறு கூறினார்கள். இன்னொரு குழுவிடம் இறுதிக்குள் 42 பக்கங்களையும் முடிக்குமாறு கூறினார்கள். பயிற்சி ஒன்றே, ஆனாலும் அன்றன்றைய சிறு இலக்கு பெற்றவர்களே திறனிலும் நம்பிக்கையிலும் முன்னேறினார்கள், கழித்தலில் அவர்களுக்கு விருப்பமும் வளர்ந்தது. தாம் முன்னேறுவது அவர்கள் கண்ணுக்கே தெரிந்ததுதான் காரணம்.

அந்த 16 பேரும் எந்த வகுப்பில், எந்தக் கணக்கில் நின்றுபோனார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஆனால் மிக எளிய கணக்கைக் கொடுத்துவிட்டுப் பெரிதாகப் பாராட்டாதீர்கள்; அது தன்மீதுள்ள இரக்கம் என்பதைக் குழந்தை உடனே உணர்ந்துகொள்ளும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

விரிவுரையாளர் மாணவர் பக்கத்தைச் சொன்னார். நான் ஆசிரியர் பக்கத்தைச் சொல்கிறேன். 1968இல் வெளியான ரோசந்தால், ஜேக்கப்சன் ஆய்வைப் பயிற்சிக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில், குலுக்கல் முறையில் தேர்ந்த ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளை "இவ்வாண்டு மலரப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் கூறினார்கள். ஆண்டிறுதியில் அக்குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் கூடுதலாக உயர்ந்திருந்தது. அந்த உயர்வு பெரும்பாலும் முதல் இரண்டு வகுப்புகளில்தான் தெரிந்தது என்பதையும், ஆய்வு முறை குறித்துக் கடும் விமரிசனங்கள் எழுந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆசிரியர் மனத்தில் நினைத்தால் மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. நினைப்பு கையிலும் வாயிலும் இறங்குகிறது, அங்குதான் அது வேலை செய்கிறது.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், நன்றாகப் படிப்பவர் எனக் கருதும் மாணவருக்கு மட்டும் அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள் என்றும் கண்டார். மூன்று நொடிகளாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதைப் படித்தபின் என் வகுப்பில் ஒரு சக ஆசிரியரைப் பின்னால் அமரவைத்து, நான் யாரிடம் கேள்வி கேட்கிறேன் என்று குறிக்கச் சொன்னேன். கடைசி இரண்டு பெஞ்சுகளுக்கு அன்று நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் "என்ன பேச்சு அங்கே?" என்பது. 20 ஆண்டுப் பணிக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மறுமொழி 3: பொறியியல் மாணவர்

ஐயாவும் மற்றவர்களும் கூறியதை மாணவனாக இருந்து உணர்ந்தவன் நான். எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்து, "முயன்றால் முடியாதது இல்லை" என்று ஒரு மணி நேரம் பேசுவார். எனக்கு அது உதவவில்லை, துன்பத்தைத்தான் தந்தது. முயன்றும் இயற்கணிதம் புரியாதபோது, குறை முழுவதும் என்னுடையது என்ற முடிவுக்குத்தான் வந்தேன். எப்படி முயல்வது என்று அவர் சொல்லவே இல்லை. என்னை மாற்றியது, என்னோடு சேர்ந்து தோற்றுக்கொண்டிருந்த நண்பன் ஒருநாள் கரும்பலகையில் தடுமாறித் தடுமாறி, அழித்து அழித்து, ஒரு காரணிப்படுத்தலைச் செய்து முடித்த காட்சி. முதல் மதிப்பெண் பெறுபவன் செய்தபோது எனக்குத் தோன்றாத எண்ணம், அவன் செய்தபோது தோன்றியது. எனவே சரளமாகச் செய்பவரை மட்டும் பலகைக்கு அழைக்காதீர்கள் என்று ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 4: நடுநிலைப் பள்ளி ஆசிரியர்

எல்லாம் சரி. ஆனால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, இணையப் பதிவேற்றங்களையும் முடித்துவிட்டுப் பாடம் நடத்துகிறவருக்கு, "உங்கள் நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதும் அந்த ஊக்கப் பேச்சைப் போன்றதே. ஆசிரியருக்கும் தன் கற்பித்தலால் ஒரு பிள்ளை முன்னேறியதைக் கண்ணால் காணும் நேரம் தேவை. அந்த நேரத்தை நிர்வாகம் தர வேண்டும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. 16 பேருக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குகளை வைத்துச் சிறு சோதனை நடத்தினேன். 11 பேர் குறையெண்களில் நின்றிருக்கிறார்கள். மைனஸ் 5ஐவிட மைனஸ் 3 சிறியது என்று உறுதியாக நம்பிக்கொண்டு அவர்கள் எப்படிச் சமன்பாட்டைத் தீர்ப்பார்கள்? மூன்று ஆண்டுகளாக அவர்களுக்குப் புரியாத ஒன்றின் மேல் நாங்கள் பாடங்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறோம். நாளுக்கு ஐந்து கணக்குகள் என்று தொடங்கியிருக்கிறேன். அந்த மாணவி நேற்று ஐந்தையும் சரியாகச் செய்துவிட்டு, இன்னும் இரண்டு கேட்டாள். அவளைவிட நான்தான் அதிகம் மகிழ்ந்தேன். நடுநிலைப் பள்ளி ஆசிரியர் எழுதியதன் பொருளும் அப்போது விளங்கியது.

ஆனால் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க அவர்கள் கூசுகிறார்கள். மற்றவர்கள் பார்த்தால் மூடி வைத்துவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 5: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

புத்தகத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. கணக்குகளை மட்டும் தனித்தாள்களில் எழுதி, வகுப்பு எண் போடாமல், 38 பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். யாருக்கு எந்தத் தாள் என்பது உங்கள் குறிப்பேட்டில் மட்டும் இருக்கட்டும்.