ரெசிடென்சியில் இருந்துகொண்டே வெளிநாட்டு உரிமத் தேர்வு: எப்போது எழுதுவது, எப்படிப் படிப்பது?

அரைத்தூக்கம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பொது மருத்துவ முதுநிலைப் பயிற்சியின் (ரெசிடென்சி) இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். நான்கு நாளுக்கு ஒருமுறை 24 மணி நேரப் பணி வருகிறது. மறுநாள் ரவுண்ட்ஸ் முடித்து அறைக்குத் திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். ஐந்து மாதங்களாக அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யூஎஸ்எம்எல்இயின் முதல் கட்டமான ஸ்டெப் 1க்காக, நாளொன்றுக்கு யூவேர்ல்ட் என்ற இணையக் கேள்வி வங்கியின் 40 கேள்விகளையாவது முடித்துவிட வேண்டும் என்று முயன்று வருகிறேன். நேற்றிரவு 22ஆம் கேள்வியில் உறங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தபோது நேரம் தீர்ந்து, மற்றவை விடையின்றிக் கிடந்தன. பயிற்சிக் காலத்திலேயே எழுதிவிடுவது நல்லதா, முடித்த பிறகு ஓர் ஆண்டை இதற்கென்று ஒதுக்குவது நல்லதா? பிரிட்டன் வழி எளிது என்று உடன் பணிபுரிவோர் சொல்வதால் அந்தக் குழப்பமும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் யூனிட் எழுதியது:

ஸ்டெப் 1, அதற்கு அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே இரண்டையும் ரெசிடென்சியில் இருந்தபோதே எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். இரவுப் பணிக்கு மறுநாளைப் படிப்புக் கணக்கிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடுங்கள். அன்று நீங்கள் படிப்பதாக நினைத்துக்கொள்வது எதுவும் மனத்தில் தங்காது. தவறவிட்டோமே என்ற குற்ற உணர்வு மட்டும் மிஞ்சும். மற்ற நாள்களில் ரவுண்ட்ஸ் தொடங்கும் முன் பத்துக் கேள்விகளைச் செய்து, அவற்றின் விளக்கங்களை அன்றைக்குள் படித்து முடிப்பதே எனக்குக் கைகொடுத்தது. நேரம் வைத்து 40 கேள்விகள் செய்வதை விடுப்பு நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஆனால் தேர்வு நெருங்கும்போது முழு நாள் மாதிரித் தேர்வு ஒன்றையாவது எழுதியே ஆக வேண்டும். ஸ்டெப் 1 எட்டு மணி நேரம், ஸ்டெப் 2 சிகே ஒன்பது மணி நேரம் என்பதைத் தாளில் படிப்பது வேறு, உட்கார்ந்து பார்ப்பது வேறு.

விண்ணப்பிக்கும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று மாத கால அவகாசத்துக்குள் தேர்வை எழுத வேண்டும். ஆகவே முதலில் உங்கள் சுழற்சிப் பணி அட்டவணையைப் பார்த்து, தீவிர சிகிச்சைப் பிரிவு வராத மாதங்களாகக் குறியுங்கள். 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1க்குத் தேர்ச்சி, தோல்வி என்ற முடிவு மட்டுமே தரப்படுகிறது. எனவே மதிப்பெண்ணின் சுமை முழுவதும் ஸ்டெப் 2 சிகே மீது விழுந்திருக்கிறது. தேர்ச்சி பெற்ற ஸ்டெப்பை மதிப்பெண் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. தோற்றால் அது பதிவில் நிற்கும். அதனால் ஸ்டெப் 1ஐப் பயிற்சிக்கு நடுவே எழுதினாலும், ஸ்டெப் 2 சிகேக்கு முன் சில வாரங்களாவது விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

வார்டு அனுபவம் உதவும் என்பார்கள். அதுவே காலை வாரிவிடுவதும் உண்டு. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்படும் நோயாளிக்கு வலிப்பும் வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. கிருமியைக் கண்டறியும் இரத்த வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுத்து, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்துவிட்டு, அதன் பிறகே சிடி ஸ்கேன் என்பதுதான் விடை. ஸ்கேன் வந்த பிறகு ஊசி போடுவதைப் பார்த்துப் பழகிய நான் முதலில் சிடியைத்தான் குறித்தேன். இப்படித் தவறியவற்றை மட்டும் தனி நோட்டில் எழுதி வந்தேன். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த நோட்டைத் தவிர வேறெதையும் திறக்கவில்லை.

எட்டு நிமிடம் எழுதியது:

பிரிட்டன் வழி எளிது என்பதை நான் ஏற்கமாட்டேன். அது வேறு வகையான கடினம். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் பதிவு பெற எழுதும் பிளாப் தேர்வின் முதல் பகுதியான பிளாப் 1 மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள் என்பதால் பணிக்கு இடையே படித்துவிடலாம். அதில் தேறிய இரண்டு ஆண்டுகளுக்குள் பிளாப் 2ஐயும் முடிக்க வேண்டும். அது மான்செஸ்டரில் நேரில் நடப்பது. நோயாளியாக நடிப்பவரிடம் பேசுவது போன்ற 16 செய்முறை நிலையங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். என் முதல் மாதிரிப் பயிற்சியில் நோயாளியாக நடித்தவர் எதிரே உட்கார்ந்திருக்க, நான் அவருடைய மகளாக நடித்தவரிடமே நோயை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம் கழிந்த பின், "டாக்டர், நோய் எனக்குத்தானே?" என்று அவர் கேட்டார். ஆண்டுக்கணக்கில் வார்டில் படிந்த பழக்கம் அது. புத்தகத்தால் போகாது, ஆள் வைத்துப் பேசிப் பேசித்தான் போக்க வேண்டும்.

மேலும், நீங்கள் பொது மருத்துவம் படிப்பவர். பிரிட்டனின் பொது மருத்துவ முதுநிலைத் தேர்வான எம்ஆர்சிபி முழுவதையும் முடித்தால் அங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவ மன்றம் (ஜிஎம்சி) அதைப் பிளாபுக்கு மாற்றாக ஏற்கிறது. அதன் முதல் பகுதிக்குப் படிப்பது உங்கள் முதுநிலைத் தேர்வுக்குப் படிப்பதிலிருந்து அதிகம் விலகாது. அமெரிக்காவிலோ, இப்போது செய்யும் ரெசிடென்சியைப் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். இதற்கு மனம் ஒப்புகிறதா என்று பார்த்துவிட்டுக் கேள்வி வங்கிக்குப் பணம் கட்டுங்கள். இரண்டு நாட்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள்.

அரைத்தூக்கம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மறுபடி ரெசிடென்சி என்பதை இதுவரை நான் நேராக எண்ணிப் பார்க்கவே இல்லை. யூவேர்ல்ட் சந்தா இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதை நிறுத்தி வைத்துவிட்டு, எம்ஆர்சிபி முதல் பகுதியின் பழைய மாதிரிக் கேள்விகளைக் காலையில் பத்துப் பத்தாகச் செய்து பார்க்கப்போகிறேன். இன்றிரவு பணி. ஆகவே நாளை அல்ல, மறுநாள் முதல்.