யாருக்குக் கண்டம்? அயர்ன் பிளடட் ஆர்பன்ஸ் பார்த்த கதைகள்

பிரிக்பீல்ட்ஸ்காரர்

சனிக்கிழமை ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடையில் தம்பியோடு வாக்குவாதம். தே தாரிக் ஆறி ஆடை கட்டும்வரை நீண்டது. கண்டம் (Gundam) என்ற ஜப்பானிய ராட்சத ரோபோ அனிமே வரிசையில் வந்த ‘அயர்ன் பிளடட் ஆர்பன்ஸ்’ நல்ல தொடரா, பாதியில் கெட்டுப்போன தொடரா என்பதுதான் சண்டை. 2015 அக்டோபரில் தொடங்கி 2017 ஏப்ரலில் முடிந்த தொடர். இரண்டு பருவம், மொத்தம் 50 அத்தியாயம். இயக்கம் நாகாய் தத்சுயுகி, கதை அமைப்பு ஒக்காடா மாரி.

முதல் பருவத்தை நான் மூன்று ராத்திரியில் முடித்தேன். இரண்டாவதை முடிக்க இரண்டு மாதம் ஆனது. தம்பிக்கோ 50-ம் தங்கம்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: செவ்வாய் கிரகத்தில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம், அதில் அற்பக் கூலிக்கு உழைக்கும் அனாதைப் பையன்கள். எதிரிப்படை வரும்போது பெரியவர்கள் இவர்களைத் தூண்டில் புழுவாக விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அடுத்த நாளே ஓர்கா தலைமையில் பையன்கள் நிறுவனத்தைக் கைப்பற்றி, ‘தெக்கடான்’ என்று பெயர் வைக்கிறார்கள். வாடாத இரும்புப் பூ என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். அவர்களிடம் இருக்கும் பழைய போர் இயந்திரம் பார்பட்டோஸ். அதை ஓட்டுபவன் மிகாசுகி.

நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள், எங்கே பிடித்தது, எங்கே கசந்தது, எழுதுங்கள். முடிவுவரை பேசப்போகிறோம். தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

செந்தூல்வாசி

நான் தனியாகப் பார்த்திருந்தால் ரோபோ சண்டை என்று பார்த்து மறந்திருப்பேன். பாட்டியோடு பார்த்தேன், அதுதான் வினை.

2020 மார்ச், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட நேரம். எங்கள் ஃபிளாட்டில் ஒரே ஒரு டிவி. இந்தியாவில் படப்பிடிப்பு நின்றுபோனதால் பாட்டியின் சீரியல்களும் நின்றுபோயின. வேறு வழியில்லாமல் நான் போட்டதையே பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

“இது என்னய்யா படம்?”

“கண்டம், பாட்டி.”

“கண்டமா? யாருக்கு?”

அன்றைக்குச் சிரித்தேன். முதல் பருவம் முடிந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது.

பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பத்து வயதிலேயே அம்மாவுக்குத் துணையாக ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு துடைக்கவும், உறைந்த கட்டிப்பால் பொறுக்கவும் போனவர். விடியுமுன் பெரட்டுக்கு நிற்பது, பெயர் கூப்பிடுவது எல்லாம் இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். முதல் அத்தியாயத்தில் மேலாள் ஒருவன் காரணமே இல்லாமல் ஓர்காவின் முகத்தில் குத்துவான். மற்ற பையன்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மிளகாய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டிருந்தேன். பாட்டி திரையைப் பார்த்துச் சன்னமாகச் சொன்னார்: “நிமிந்து பாக்காதடா.”

அதற்குப் பிறகு நானும் இந்தத் தொடரை அவர் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்தேன். நிறுவனத்தைக் கைப்பற்றியதும், விலகிப்போக நினைப்பவர்களுக்குக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்து அனுப்பச் சொல்வான் ஓர்கா. எனக்கு அது கடந்துபோகும் காட்சி. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கணக்கு முடிச்சு அனுப்புறான் பாரு. நல்ல பிள்ள.” தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் தங்களுக்கு எப்படிக் கணக்கு முடித்தார்கள் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை, தேத்தண்ணி கலக்க எழுந்துபோய்விட்டார்.

சோளக்கொல்லை வரும் இடமும் அப்படித்தான். எரிபொருளுக்காக அந்தச் சோளத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள் என்று பிஸ்கட் என்கிற குண்டுப் பையன் விளக்குவான். “வெலய வாங்குறவன்தான சொல்லுவான்” என்றார் பாட்டி. ரப்பர் விலையை எங்கேயோ நிர்ணயித்ததைப் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொடரின் பலம் இதுதான் என்பது என் கணக்கு. போரை வீரமாகக் காட்டாமல் வேலையாகக் காட்டுகிறது. இன்றைக்குச் சண்டைக்குப் போனால் தம்பி தங்கைக்குச் சாப்பாடு. தோட்டாவுக்குச் செலவு எவ்வளவு, கூலி எவ்வளவு மிஞ்சும், அவ்வளவுதான் பேச்சு. மிகாசுகி மேல்சட்டைப் பையிலிருந்து பேரீச்சை மாதிரி ஒரு காய்ந்த பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே ஆளைச் சுடுவான். அவனிடம் ஆத்திரமும் கிடையாது, வசனமும் கிடையாது. பாட்டி அவனுக்குப் பேரீச்சம்பழப் பையன் என்று பெயர் வைத்துவிட்டார்.

பலவீனமும் அங்கேயே தெரிந்தது. பூமியின் நான்கு பொருளாதார வட்டாரங்கள், எதிரிப்படையான கியலர்ஹார்னின் ஏழு குடும்பங்கள், யாருக்கு யார் மாப்பிள்ளை என்று கோட்டு போட்டவர்கள் பேசத் தொடங்கினால் பாட்டி தூங்கிவிடுவார். எழுந்ததும் “இதுல யாரு துரை, யாரு கிராணி?” என்பார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நானும் திணறுவேன். கூலிக்காரனை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்த கதைக்கு, துரையின் பங்களாவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

ஜெலுத்தோங்காரன், பினாங்கு

பாட்டிக்கு என் வணக்கம். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன். எனக்குக் கதையைவிட இயந்திரம்தான் முக்கியம்.

மற்ற கண்டம் தொடர்களில் ஒளிக்கற்றைத் துப்பாக்கி, ஒளிவாள் என்று மின்னும். இதில் அதெல்லாம் அநேகமாகக் கிடையாது. கவசத்தில் பூசிய பூச்சு ஒளிக்கற்றையைச் சிதறடித்துவிடும் என்று கதையிலேயே காரணம் வைத்துவிட்டார்கள். ஆகவே சண்டை என்றால் அடிதடிதான். முதல் அத்தியாயத்தின் கடைசியில் பார்பட்டோஸ் தரையைப் பிளந்துகொண்டு வந்து, கையில் இருக்கும் பெரிய தண்டாயுதத்தால் எதிரி இயந்திரத்தை ஒரே அடியில் நசுக்கும். பீமன் அடி! இரும்பு மடங்கும் சத்தம் நான் தினமும் கேட்கிற சத்தம், அதனால் ரொம்ப நேர்மையாக இருந்தது.

இன்னொன்று. அந்த பார்பட்டோஸ் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? நிலவறையில் ஜெனரேட்டராகக் கிடந்தது. 300 வருடத்துக்கு முந்தைய பெரும்போரில் ஆடிய இயந்திரம், இப்போது தளத்துக்குக் கரண்டு கொடுக்கிறது. இந்த ஒரு யோசனைக்கே எழுதியவர்களுக்குக் கை கொடுக்கலாம்.

பையன்களின் முதுகெலும்பில் கருவியைப் பதித்து, அதன் வழியாக இயந்திரத்தோடு இணைக்கும் முறைக்கு ‘அலாயா விஜ்ஞானா’ என்று பெயர். முதலில் ஏதோ ஜப்பானியச் சொல் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சீன அங்கள் புத்த மதப் புத்தகங்கள் நிறைய படிப்பவர். அவரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். யோகாசாரப் பௌத்தத்தில் வரும் ஆலய விஞ்ஞானம்தானாம் அது. ஆலயம் என்றால் இங்கே கோயில் இல்லை. சேர்த்து வைக்கும் இடம், வினைகளின் விதையெல்லாம் போய் அடைகிற களஞ்சியம். குழந்தையின் முதுகில் ஓட்டை போடும் கருவிக்கு இந்தப் பெயரை வைத்தவன் விஷமக்காரன்தான்.

சரி, என் சொந்த விபத்துக்கு வருகிறேன். தொடர் பார்த்த சூட்டில் பார்பட்டோஸின் 1/144 அளவு பிளாஸ்டிக் மாடலை வாங்கினேன். முடித்தால் ஒரு சாண்கூட வராது. இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து வெட்டியதில், நெற்றியில் வைக்கும் மஞ்சள் கொம்பின் ஒரு பக்கம் வெட்டும் நிப்பரோடு போய்விட்டது. தரை முழுக்கத் தவழ்ந்து தேடினேன். கிடைத்தபோது அது மனைவியின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பசை போட்டு ஒட்டினால் கோணல். தூக்கிப் போட மனசில்லை. கதையிலும் பார்பட்டோஸ் அப்படித்தானே, தோற்ற எதிரியின் கவசத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போகும். நானும் மீதியிருந்த கிரேஸ் என்ற எதிரி இயந்திர மாடலின் தோள்கவசத்தைப் பச்சை நிறத்திலேயே மாட்டிவிட்டேன். ஒற்றைக்கொம்பன் இப்போது அலமாரியில் நிற்கிறான்.

குறை என்று கேட்டால், இயந்திரச் சண்டைக்காக வந்தவன் நிறைய காத்திருக்க வேண்டும். சில வாரங்களில் பார்பட்டோஸ் தலையைக்கூடக் காட்டாது.

அம்பாங் அக்கா

ஆண்கள் எல்லோரும் தண்டாயுதம், கவசம் என்று பேசுகிறீர்கள். எனக்குப் பிடித்தது டோர்ட் என்ற விண்வெளிக் குடியிருப்பில் நடக்கும் பகுதி. தொழிலாளர்கள் நல்ல கூலி கேட்டுத் தெருவில் இறங்குவார்கள். அவர்களே முதலில் தாக்கியதுபோல ஜோடித்துப் படை சுட்டுத் தள்ளும். ஃபூமிதான் என்ற பணிப்பெண் தன் எஜமானி குடேலியாவை மறைத்துக் குண்டு வாங்கிக்கொண்டு சாவாள். அவ்வளவு நாள் அந்தப் பெண்ணை வேவு பார்த்தவளும் அவள்தான். அன்றைக்கு நான் எல்ஆர்டி ரயிலில் போனில் பார்த்துக்கொண்டு வந்தேன். மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்க வேண்டியவள் பசார் செனியில் இறங்கினேன்.

ஆனால் அதே தொடர் பெண்களிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? நாசே என்று ஒரு கப்பல் தலைவன், கப்பல் முழுக்க அவன் மனைவிகள். ஆபத்தான சரக்குக் கப்பல்களில் சொற்பக் கூலிக்கு உழன்ற பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தான் என்று பின்னால் காரணம் சொல்கிறார்கள். அடைக்கலம் கொடுக்கத் தாலி எதற்கு? வேலை கொடுத்தால் போதாதா? கடைசியில் பையன்களுக்குச் சமைக்கும் அத்ரா, குடேலியா இரண்டு பேரையும் மிகாசுகியைச் சுற்றிவிட்டதும் எனக்கு உறுத்தியது. செவ்வாய் கிரகத்தின் விடுதலையைப் பேச வந்த குடேலியாவை இரண்டாம் பருவத்தில் பாதி நேரம் ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்

அக்கா சொன்னது நியாயம். நானும் இரண்டாம் பருவத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மெக்கில்லிஸ் என்கிற கியலர்ஹார்ன் அதிகாரி 40 அத்தியாயம் போல மகா தந்திரசாலியாக உலவுகிறான். கடைசியில் அவன் திட்டம் என்னவென்று பார்த்தால், பேல் என்ற பழைய கண்டம் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தால் படை முழுவதும் காலில் விழும் என்பதுதான். பட்டத்து யானை மாலை போட்டவன் ராஜா என்று பாட்டி கதையில் வருமே, அதே கதை. யானை மாலை போட்டுவிட்டது, ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அதை நம்பி ஓர்காவும் மொத்தக் கூட்டத்தையும் அடகு வைக்கிறான். இயோக் என்ற அசட்டுத் தளபதி ஒவ்வொரு முறையும் தன் ஆட்களையே பலி கொடுத்தும் பதவியில் இருக்கிறான். இது உலகத்தில் நடக்காததில்லை என்கிறான் தம்பி. அவன் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னான், எனக்குப் பதில் வரவில்லை.

ஓர்காவின் சாவு விஷயத்தில் மட்டும் தப்பு என் மேல். தெருவில் சுடப்பட்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள் என்று விரலை நீட்டி விழுவான். அந்தப் படத்தை வைத்து இணையத்தில் வந்த கேலியெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் நான் தொடரையே பார்த்தேன். காட்சி வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அவனுக்கு அப்போது கண்ணில் தண்ணீர் நின்றதை அப்புறம்தான் கவனித்தேன்.

முடிவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தடை செய்யப்பட்ட டைன்ஸ்லைஃப் கம்பிகளை விண்வெளியிலிருந்து எய்து பார்பட்டோஸைக் குத்திப் போடுகிறார்கள். மிகாசுகி பிழைக்கவில்லை. ஜெயித்தவர்களே பிறகு சீர்திருத்தமும் செய்து நல்ல பெயரையும் வாங்கிக்கொள்கிறார்கள். வயிறு எரிந்தது, ஆனால் பொய் என்று தோன்றவில்லை.

செந்தூல்காரரே, பாட்டி இதையெல்லாம் பார்த்தாரா?

செந்தூல்வாசி

இல்லை. முதல் பருவம் முடிந்த கொஞ்ச நாளில் சீரியல்கள் திரும்பி வந்துவிட்டன. அவர் கடைசியாகப் பார்த்தது, மிகாசுகிக்கு வலது கை விளங்காமல் போய், வலது கண்ணும் தெரியாமல் போகிற இடம். சண்டையில் கருவியை அளவுக்கு மீறி இழுத்ததற்கு அது கேட்ட விலை. இரண்டாம் பருவத்தில் வலப்பக்கம் முழுவதும் போகிறது என்று நான் சொல்லவில்லை.

இப்போதும் எப்போதாவது, அதுவும் நோன்பு மாதத்தில் கடைத்தெருவில் பேரீச்சம்பழத்தைப் பார்த்துவிட்டால், கேட்பார்: “அந்தப் பையன் கை வெளங்கிருச்சா?”

பூமிக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

“செலவு யாரு குடுக்குறா?”

கம்பெனிதான் என்றேன். நம்பவில்லை.