பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

பாலக்கோடு, முதல் குழந்தை, ஐந்து மாதம்

சித்திரை வெயிலில் எனக்கு அறுவைசிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆறாம் நாள் தாய்வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர்தான் கணக்கு. "பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு தொங்கிப் போகும்" என்றார் அம்மா. அவருக்கு அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது அதுதான். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, லேகியம் எல்லாம் வேளை தவறாமல் வந்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை. குழந்தை மார்பில் வாய் வைத்த நொடியே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். இரவில் துணி அலசும் சாக்கில் குழாயடியில் குனிந்து குடித்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் சிறுநீர் போகும்போது தாங்க முடியாத எரிச்சல், குளிர் காய்ச்சல். மலம் இறுகி, முக்கினால் தையல் பிய்ந்துவிடுமோ என்று பயந்து கழிவறைக்குப் போவதையே தள்ளிப் போட்டேன்.

கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் நேராக அம்மாவிடம் போனார். "ஏம்மா, கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் பால் கறப்பீர்களா?" என்றார். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும், அதுவரை வயிறு தெரியத்தான் செய்யும், தையலில் சீழ் வைப்பது கிருமியால் என்று பொறுமையாக விளக்கினார். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எடுத்துக் குணமாக ஒரு வாரம் ஆனது.

ஒரு வாய் தண்ணீரைக் கேட்க எனக்கு ஏன் அவ்வளவு தயக்கம் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நீங்களும் அந்த நாள்களில் கேட்கத் தயங்கியதை எழுதுங்கள். யாராவது ஒருத்திக்கு உதவும்.

அரூர், இரண்டு குழந்தைகள்

நான் கேட்கத் தயங்கியது குழந்தைக்கு வந்த மஞ்சள் காமாலையைப் பற்றி. மூத்தவனுக்கு மூன்றாம் நாள் முகம் மஞ்சளாக இருந்தது. பிறந்த குழந்தைக்கு வருவதுதான், காலை வெயில் காட்டினால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தது. குழந்தை பாலுக்கு எழவில்லை. "சமத்துப் பிள்ளை, தூங்குகிறான்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. அது சமத்து இல்லை. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து உடனே நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இரண்டு நாள் இருந்தான். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான், நலமாக இருக்கிறான்.

அங்கே சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். லேசான மஞ்சள் பல குழந்தைகளுக்கு வந்து தானாகப் போகும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்காமல் இருந்தாலோ வெயிலை நம்பி உட்காரக் கூடாது. விளக்கு செய்யும் வேலையை வாசல் வெயில் செய்யாது.

ஊத்தங்கரை

பெண் குழந்தைக்கு நான்காம் நாள் துணியில் ரத்தக் கறை. நான் அழுதே விட்டேன். தாயின் உடலிலிருந்து போன சுரப்பு குறைவதால் சில பெண் குழந்தைகளுக்கு இப்படி ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வருமாம். சில நாளில் நின்றுவிட்டது. பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருப்பதற்கும் அதே காரணம்தான். அதைப் பிதுக்கிப் பால் எடுக்கச் சொல்வார்கள். தயவுசெய்து பிதுக்க விடாதீர்கள், சீழ் கட்டிவிடும்.

காவேரிப்பட்டணம், மூன்று பேரன் பேத்திகள்

தண்ணீர் எழுதிய கண்ணு, உன் அம்மாவின் வயதுதான் எனக்கும் இருக்கும். என் மருமகளுக்கும் நான் அப்படித்தான் தண்ணீரைக் குறைத்தேன். உன் எழுத்தைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாம் அத்தை, ரொம்பத் தாகமாக இருந்தது" என்றாள். ஏழு வருடம் கழித்துச் சொல்கிறாள். மனசு கஷ்டமாகிவிட்டது.

பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதில் ஊரில் எனக்குப் பெயர் உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, இளஞ்சூட்டில் ஊற்றினால் நன்றாகத் தூங்கும். அதை விட வேண்டியதில்லை. விட்டுவிட வேண்டியவை வேறு: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது, தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ வைப்பது. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் சளிக் காய்ச்சல் வரும் என்று இளையவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்ன பிறகு நான் நிறுத்தினேன். கடைசிப் பேத்திக்குத் தொப்புளில் ஒன்றுமே வைக்கவில்லை. காய்ந்து தானாக விழுந்தது.

பென்னாகரம்

பால் போதவில்லை என்று எனக்குப் பத்தாம் நாளே பால் மாவு வாங்கி வந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், ஃபுளோரைடு அதிகம். நம் தருமபுரி மாவட்டத்தில் அதனால் பல் கறை ஏறிய பிள்ளைகளைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். ஒகேனக்கல் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தாய்ப்பாலில் அது மிகமிகக் குறைவு. இதைத் தெரிந்துகொண்டதும் மாவைத் தொடவில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். துணியை எண்ணினேன், எட்டு வந்தது. ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தனியாகக் கொடுக்கவில்லை.

ஓசூர், தந்தை

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவி குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து அழுதாள். முதல் பத்து நாள் அப்படி இருக்கும், சரியாகிவிடும் என்றார்கள். ஒரு மாதம் ஆகியும் சரியாகவில்லை. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. ஒரு நாள் இரவு, "நான் இல்லாவிட்டால் இவன் நன்றாக வளர்வான்" என்றாள். காற்று கருப்பு என்று தாயத்துக் கட்ட ஏற்பாடு நடந்தது. நான் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வீட்டில் பெரிய சண்டை. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை தந்தார்கள், பேசினார்கள். மூன்று மாதத்தில் அவள் சிரித்ததைப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நீண்டால் காத்திருக்காதீர்கள். இறந்துவிடலாம் போலப் பேசினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பாலக்கோடு

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காவேரிப்பட்டணத்து அம்மா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஓசூர் அண்ணா, தாராளமாக எழுதலாம்.

அடுத்த மாதம் அக்கா பிரசவத்துக்கு வருகிறாள். கட்டில் பக்கத்தில் வைக்க மூடி போட்ட சொம்பு ஒன்றை அம்மா பரணிலிருந்து இறக்கித் துலக்கி வைத்திருக்கிறார். அக்காவுக்கு இரட்டைக் குழந்தை. இருவருக்கும் சேர்த்துப் பால் கொடுத்தவர்கள் இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.