சேவை செய்யச் சொராரிட்டி தேவையா? மகளின் விருப்பமும் எங்கள் தயக்கமும்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது, சமூக சேவையை முதன்மையாகக் கொண்ட, எல்லா இனத்து மாணவியரையும் சேர்த்துக்கொள்கிற பன்முகப் பண்பாட்டுச் சொராரிட்டி ஒன்றில் சேரப்போவதாகச் சொன்னாள். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்துக்கொள்ளும் மாணவியர் சங்கம் என்ற அளவில் எனக்கு அதைப் பற்றித் தெரியும். சேர்வதற்குச் சில நூறு டாலர் கட்டணம் உண்டு, அதுகூடப் பெரிதில்லை. புதியவர்களைச் சேர்க்கும் அந்தச் சில வாரங்களில் என்னதான் நடக்கும் என்று கேட்டால், "அதை வெளியே சொல்லக்கூடாதம்மா" என்கிறாள். பள்ளியில் பென்சில் தொலைந்ததைக்கூட என்னிடம் வந்து சொல்லி அழுத பிள்ளை அவள். அவளுடைய அப்பா கூடவே கூடாது என்கிறார். எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அறிந்தவர்கள் இரு பக்கத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொருநைவாசி எழுதியது:

அம்மா, உங்கள் கணவர் சொல்வதே சரி என்பது என் கருத்து. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட செய்தி நம் தலைமுறையில் யாருக்கும் மறந்திருக்காது. அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கே அதே கொடுமை ஹேசிங் என்ற பெயரில் நடக்கிறது. 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், ஆண் மாணவர் சங்கம் ஒன்றின் சேர்க்கை இரவில் அளவுக்கு மீறி மது குடிக்கவைக்கப்பட்டு, மாடிப்படியில் விழுந்து, பல மணி நேரம் எவரும் மருத்துவ உதவிக்கு அழைக்காமல் விட்டதால் இறந்துபோன திமோதி பியாட்சா நியூ ஜெர்சிப் பிள்ளைதான். வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டளையில்தான் இவை எல்லாம் தொடங்குகின்றன.

சேவை என்கிறார்களே, அதையும் கேட்கிறேன். சனிக்கிழமை காலையில் உணவு வங்கிக்குப் போய் டின்களை அடுக்குவதற்குக் கட்டணம் எதற்கு, சடங்கு எதற்கு, மார்பில் கிரேக்க எழுத்து எதற்கு? எல்லாப் பண்பாட்டினரையும் வரவேற்கிறோம் என்று சொல்லிவிட்டு, விண்ணப்பிப்பவர்களை நேர்காணல் வைத்துச் சிலரை எடுத்துச் சிலரைத் திருப்பி அனுப்புவது எந்த வகையில் வரவேற்பு?

வேம்பு எழுதியது:

பொருநைவாசி ஐயா, நான் அத்தகைய ஒரு சங்கத்தில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு சேர்ந்தவள், இன்றும் உறுப்பினர். உங்கள் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்தச் சங்கங்கள் ஏன் தோன்றின என்பதைப் பார்க்காமல் அவற்றை எடைபோட முடியாது.

அமெரிக்காவில் முதல் பன்முகப் பண்பாட்டுச் சொராரிட்டியான மியூ சிக்மா உப்சிலான், 1981 நவம்பர் 21 அன்று நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐந்து பெண்களால் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பும் சொராரிட்டிகள் இருந்தன. பழைய பெரிய சங்கங்கள் நடைமுறையில் வெள்ளையின மாணவியருக்கானவையாக இருந்தன. அவை ஒதுக்கியதால் கறுப்பின மாணவியர் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவை அமைத்தார்கள். லத்தீனோ மாணவியர் 1975இல் இதே நியூ ஜெர்சியின் கீன் கல்லூரியில் லாம்டா தீட்டா ஆல்ஃபாவை அமைத்தார்கள். விடுதியில் ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிடும் இரண்டு தோழியர், சங்கம் என்று வந்தால் தோலைப் பார்த்துப் பிரிந்து நிற்க வேண்டிய நிலைதான் அன்று இருந்தது. பிரியாமல் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதே இத்தகைய சங்கங்களின் வேர்.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. படிப்பில் சிறந்த ஒரு கறுப்பின மாணவியைச் சேர்த்துக்கொள்ள அங்கிருந்த சொராரிட்டி மாணவியரே விரும்பியும், முன்னாள் உறுப்பினர்களான மூத்த பெண்கள் தடுத்துவிட்டார்கள் என்பதே அந்தச் செய்தி. அதே பல்கலைக்கழகத்தின் வாசலில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவர்களை மறித்து நின்ற 1963ஆம் ஆண்டுக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது.

என் கதையையும் சொல்கிறேன். என் கல்லூரியில் சேர்க்கை வாரத்தில் நான்கு பெரிய சொராரிட்டிகளின் வீடுகளுக்குப் போனேன். எங்கும் எவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இனிமையாகச் சிரித்தார்கள், எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், என் பெயரை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் பேசப் போய்விட்டார்கள். பிறகு நான் சேர்ந்த சங்கத்தில் என்னோடு சேர்ந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்: டொமினிக்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருத்தி, எகிப்தியக் கிறித்தவப் பெண் ஒருத்தி, கொரியப் பெண் ஒருத்தி, நெவார்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண் ஒருத்தி, நான். முதல் நாளே அவர்கள் செய்த வேலை, ஐந்து பெயர்களையும் சரியாகச் சொல்லப் பழகியது. என் பெயரில் உள்ள ழகரத்துக்காக அந்த எகிப்தியப் பெண் அரைமணி நேரம் நாக்கை மடக்கிப் பார்த்தாள்.

முல்லைத்திணை எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு சட்ட நுணுக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் சேவை பற்றிய கேள்விக்கு அதில் விடை இருக்கிறது.

கூட்டரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற டைட்டில் 9 சட்டம் 1972இல் வந்தது. 1974இல் அதில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது: சமூக உறவுக்கான சகோதர, சகோதரிச் சங்கங்கள் ஆண்களை மட்டுமோ பெண்களை மட்டுமோ சேர்த்துக்கொள்ளலாம். சேவைக்கான சங்கங்களுக்கும் தொழில் சார்ந்த சங்கங்களுக்கும் அந்த விலக்கு இல்லை. 1925இல் பென்சில்வேனியாவின் லஃபாயட் கல்லூரியில் ஆண்களுக்காகத் தொடங்கப்பட்ட சேவைச் சங்கமான ஆல்ஃபா ஃபை ஒமேகா 1976 முதல் பெண்களையும் உறுப்பினராக ஏற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதுவும் கிரேக்க எழுத்துச் சங்கந்தான். ஆனால் அங்கே சேவையே முதல்.

ஆகவே, பெண்களுக்கு மட்டுமேயான ஒரு சங்கம் தன்னைச் சேவைச் சங்கம் என்று அறிமுகம் செய்துகொண்டாலும், சட்டத்தின் கண்ணில் அது சமூக உறவுக்கான சங்கமாகத்தான் நிற்கிறது. இதில் தவறு ஏதுமில்லை. சகோதரி உறவு முதலாவது, அந்த உறவு செய்கிற வேலை சேவை என்று புரிந்துகொண்டு சேர்ந்தால் ஏமாற்றம் இராது. சேவை மட்டும் வேண்டுமென்றால் ஆல்ஃபா ஃபை ஒமேகா போன்றவற்றில் செலவும் குறைவு, மறைப்பும் குறைவு.

ஆலமரம் எழுதியது:

மெட்ராசில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். 2020இல் அவர் துணை அதிபர் வேட்பாளரானபோது, சங்கம் பிறந்த 1908ஐ நினைவூட்டும் வகையில் 19.08 டாலர் என்ற தொகையாகவே ஏராளமான நன்கொடைகள் வந்தன. 34 ஆண்டுகளுக்குப் பிறகும் தோள் கொடுக்கிற உறவை எந்த உணவு வங்கி உறுப்பினர் அட்டை தரும்?

பொருநைவாசி எழுதியது:

ஆலமரம் ஐயா, நீங்கள் சொல்வது செல்வாக்கின் கதை, சேவையின் கதை அன்று. அந்த வேறுபாட்டைத்தான் நான் வற்புறுத்துகிறேன். முல்லைத்திணை சொன்னதும் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது.

வேம்பு எழுதியது:

சகோதரி உறவுதான் முதலாவது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உறவு இல்லாமல் சில சேவைகள் நடந்தே இருக்காது.

1935இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள், மருத்துவர் டோரதி ஃபெரபி தலைமையில் மிசிசிப்பி டெல்டாவின் பருத்தித் தோட்டப் பகுதிக்கு மருத்துவ முகாம் நடத்தப் போனார்கள். அங்கிருந்த குத்தகைக் குடியானவர்கள் முகாமுக்கு வரத் தோட்ட முதலாளிகள் அனுமதிக்கவில்லை. உடனே அந்தப் பெண்கள் தாங்கள் வந்த கார்களையே மருத்துவ நிலையங்களாக்கி, தோட்டங்களுக்குள்ளேயே ஓட்டிச் சென்று, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். இனவெறி தலைவிரித்தாடிய நாட்டுப்புறச் சாலைகளில் கறுப்பினப் பெண்கள் தாங்களே கார் ஓட்டிப் போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1942 வரை கோடைதோறும் அது நடந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் உதவிவிட்டுப் போகிற தன்னார்வலர் கூட்டம் அதைச் செய்திருக்குமா என்பது ஐயமே. பக்கத்து இருக்கையில் இருப்பவள் நம்மை விட்டுவிட்டு ஓடமாட்டாள் என்ற உறுதி இருந்ததால்தான் போனார்கள் என்று நான் நம்புகிறேன். பன்முகப் பண்பாட்டுச் சங்கங்கள் அந்த மரபிலிருந்து நிறையப் பெற்றிருக்கின்றன.

பொருநைவாசி எழுதியது:

மிசிசிப்பிச் செய்தியை இப்போதுதான் அறிகிறேன்; மனத்தைத் தொட்டது. வேம்பு மகளே, நான் இதுவரை சொல்லாமல் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகளும் வேறொரு மாநிலத்தில் இத்தகைய சங்கம் ஒன்றில் சேரப் போனாள். பெயர் வேண்டாம். யாரும் அவளை அடிக்கவில்லை, குடிக்கவைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அழைத்து, நிறுவனர்களின் பெயர்களையும் தேதிகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கச் சொல்வார்களாம். ஒருத்தி தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். நான்காம் வாரத்தில் அவள் வகுப்பிலேயே தூங்கத் தொடங்கினாள். விலகிவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை: அதுவரை தோளோடு தோள் நின்ற அறுவரில் ஒருத்திகூட அவளோடு பேசவில்லை. உணவகத்தில் இவளைப் பார்த்தால் எழுந்து வேறு மேசைக்குப் போவார்களாம். சகோதரி என்ற சொல்லுக்கு இதுதான் பொருளா?

பண்பாட்டின் பெயரால் கூடுகிற சங்கங்களில் இது நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவர் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் இறந்தது, ஆசிய அமெரிக்க மாணவர் சங்கம் ஒன்றின் சடங்கில்தான்.

வேம்பு எழுதியது:

ஐயா, உங்கள் மகளுக்கு நேர்ந்தது ராகிங்தான்; அதற்கு வேறு பெயர் வைத்து நான் மழுப்பமாட்டேன். தூங்கவிடாமல் வருத்துவதும் கை நீட்டி அடிப்பதற்கு ஒப்பானதே. எங்கள் சங்கத்தில் இரவு பத்து மணிக்கு மேல் புதியவர்களை அழைக்கக்கூடாது என்ற விதி இருந்தது. மூத்தவள் ஒருத்தி ஒருமுறை அதை மீறியபோது, அந்தப் பருவம் முழுவதும் அவளைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்தோம். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று உறுதி கூற என்னால் இயலாது.

காவிரிக்கரை அம்மாவுக்கு ஒரு செய்தி. 2021இல் நியூ ஜெர்சி அரசு, பியாட்சாவின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றி ஹேசிங்குக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. 2024 டிசம்பரில் வந்த கூட்டரசுச் சட்டத்தின்படி, விதிமீறல் உறுதிப்பட்ட மாணவர் சங்கங்களின் பெயரையும் அவை செய்த குற்றத்தையும் கல்லூரியே தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் மகளின் கல்லூரி வெளியிட்ட பட்டியலை முதலில் பாருங்கள்.

பொருநைவாசி எழுதியது:

யாராவது புகார் கொடுத்தால்தானே பட்டியலில் பெயர் ஏறும்? என் மகள் கொடுக்கவில்லை. ஐந்தாறு பேர் மட்டுமே சேரும் சிறிய சங்கத்தில் யார் புகார் கொடுத்தார் என்பது மறுநாளே தெரிந்துவிடும்.

முல்லைத்திணை எழுதியது:

இது மிக நியாயமான கேள்வி. பெரிய சங்கங்களை விடச் சிறியவற்றில் நெருக்கம் அதிகம். அந்த நெருக்கமே வாயை அடைக்கவும் செய்யும். வேம்பு இதற்கு விடை சொன்னால் நல்லது.

வேம்பு எழுதியது:

பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு சங்கம் தூய்மையானது ஆகிவிடாது. ஐயா சொல்வதை ஏற்கிறேன். அதனால் பட்டியலோடு நிறுத்தாமல், அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்களைக் கேட்பதைவிட, சேரப்போய்ப் பாதியில் விலகியவர்களைத் தேடிக் கேட்பது நல்லது. நான் சேர்ந்தபோது எனக்கு அது தோன்றவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகளோடு நெடுநேரம் பேசினேன். சடங்கில் சொல்லப்படும் சொற்களைத்தான் வெளியே சொல்லக்கூடாதாம். எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு என்பதை எல்லாம் தாராளமாகச் சொல்லலாமாம். செவ்வாய், வியாழன் மாலை ஏழு முதல் ஒன்பது வரை, நூலகக் கட்டடத்தில். சனிக்கிழமை காலையில் பெண்கள் காப்பகத்துக்கான பைகளைக் கட்டுகிறார்கள்: சோப்பு, பல்துலக்கி, நாப்கின், ஒரு சோடிக் காலுறை. பைகளில் வைக்கும் சிறு கடிதத்தைத் தமிழிலும் எழுதலாமா என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் மலர்ந்தது. அலபாமாச் செய்தியைச் சொன்னேன். அவளுக்கு என்னைவிட விரிவாகத் தெரிந்திருந்தது.

இவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. நான் சேரச் சொல்லிவிட்டேன். புதியவர்களை எல்லோர் முன்னிலையிலும் அறிமுகம் செய்யும் நாளில், உயரத்தின்படி வரிசையாக நிற்கவைப்பார்களாம். மகள் மூன்றாவதாக நிற்பாளாம். இருவரும் போவதாக இருக்கிறோம்.

பொருநைவாசி ஐயா, உங்கள் கேள்வியையும் அவளிடம் கேட்டேன்: பாதியில் விலகியவளோடு நீங்கள் பேசுவீர்களா என்று. சென்ற ஆண்டு ஒருத்தி விலகியது அவளுக்குத் தெரியும். இப்போது விலகியவளோடு சங்கத்தினர் பேசுகிறார்களா என்பது தெரியவில்லை. அந்தப் பெண் அதே விடுதியில் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறாளாம். இன்று மாலை போய்ப் பார்த்துவிட்டு அழைப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள்.