கூட்டத்தில் ஒருவர் குரலை மட்டும் பிரித்துத் தரும் காது மெஷின்: நிஜமா, விளம்பரமா?

மெல்லிசைப்பிரியன்:
இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறேன். தனியாக ஒருவரோடு பேசும்போது எந்தக் குறையும் இல்லை. நாலு பேர் கூடிப் பேசும் இடத்துக்குப் போனால்தான் வினை, எதிரில் இருப்பவர் பேச்சும் பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தமும் ஒரே அளவில் காதில் வந்து விழுகிறது, கடைசியில் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுச் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது ஏஐ சிப் வந்துவிட்டது, மூளை அலையைப் படிக்கும் மெஷின் வரப்போகிறது என்றெல்லாம் படிக்கிறேன். இதில் எவ்வளவு உண்மை? என் மெஷின் பழசாகிவிட்டது. இப்போதே மாற்றலாமா, காத்திருக்கலாமா?

சிக்னல்வாசி:
உங்கள் சிக்கல் சத்தம் போதாமல் வருவதில்லை. ஒவ்வொரு உட்காதிலும் ஒலி அதிர்வை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 உண்டு. அதில் வெளிவரிசைச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்குவதோடு, நெருங்கிய அலைவரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்தும் கொடுக்கின்றன. அவை அழிந்தபின் பெருக்கும் வேலையை மெஷின் ஏற்றுக்கொள்ளும், பிரிக்கும் கூர்மையைத் திருப்பித் தராது. காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953லேயே 'காக்டெயில் பார்ட்டி' சிக்கல் என்று ஆராய ஆரம்பித்தது இதைத்தான், பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை எப்படிப் பிடிக்கிறோம் என்பதை.

எனவே காதுக்குள் போகும் முன்பே பேச்சையும் இரைச்சலையும் பிரித்தாக வேண்டும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெலியாங் வாங் குழு டீப் நியூரல் நெட்வொர்க்கை (நிறைய மாதிரிகளைக் கேட்டுக் கற்கும் ஏஐ மென்பொருள்) வைத்து இதைச் செய்து, காது மந்தமானவர்களுக்கு இரைச்சலில் பேச்சு நன்றாகவே புரிகிறது என்று 2013ல் காட்டியது. ஆனால் அது கணினியில் ஓடியது. காது மெஷினுக்குள் வைக்கும்போது இரண்டு முட்டுக்கட்டை. ஒன்று தாமதம்: உங்கள் சொந்தக் குரல் எலும்பு வழியாகவும் மெஷினுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகவும் உடனே வந்துவிடும், மெஷின் தரும் நகல் சுமார் 10 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தினால் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். வீடியோ காலில் இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு இந்த நெருக்கடி இல்லை, கொஞ்சம் பிந்தினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாவது மின்சாரம். அவ்வளவு சின்ன பேட்டரி நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் சில மில்லிவாட்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

இந்த முட்டுக்கட்டைகளைத் தாண்டியும் மெஷின்கள் வந்துவிட்டன, ஆகவே ஏஐ என்பது வெறும் விளம்பரம் இல்லை. ஓட்டிக்கான் நிறுவனத்தின் மோர் மாடலில் 1.2 கோடி ஒலிக்காட்சிகளில் (அன்றாடச் சூழல்களின் ஒலிப்பதிவுகள்) பயிற்றிய நெட்வொர்க் இருப்பதாகச் சொன்னார்கள். 2024ல் வந்த ஃபோனாக் நிறுவனத்தின் ஸ்ஃபியர் மாடலில் பேச்சைப் பிரிக்க மட்டுமே தனிச் சிப் இருக்கிறது. அந்த வசதி ஓடும்போது பேட்டரி வேகமாக இறங்கும், மெஷினும் கொஞ்சம் பெரிசு. எல்லோருடைய பேச்சையும் அது காப்பாற்றும், அதில் யாருடையது உங்களுக்கு வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

நரம்பியல்_மாணவி:
யாருடைய பேச்சு உங்களுக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் மூளை அலை ஆராய்ச்சி. நீமா மெஸ்கரானி, எட்வர்ட் சாங் என்ற ஆய்வாளர்கள் 2012ல், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தியிருந்தவர்களிடம் இரண்டு குரல்களை ஒன்றாக ஒலிக்கவிட்டு, அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்று மூளைச் சிக்னலிலிருந்தே கண்டுபிடித்தார்கள். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெஸ்கரானி குழு குரல் பிரிப்பதையும் இதையும் இணைத்து வேலை செய்தது. ஆனால் மின்முனை மூளைமேல் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்! தலைத்தோல்மேல் ஒட்டி எடுக்கும் இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) சிக்னல் ரொம்ப பலவீனம், தாடை அசைந்தாலே கலங்கிவிடும், முடிவு சொல்லப் பல விநாடி எடுக்கும். அதற்குள் பேச்சு வேறொருவரிடம் போயிருக்கும். இதற்காகக் காத்திருக்காதீர்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2024ல் காட்டிய முறை. ஒருவரை நேராகப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் சில விநாடியில் அவர் குரலைக் கற்றுக்கொண்டு, நீங்கள் தலையைத் திருப்பினாலும் அவரை மட்டும் கேட்க வைக்கும். ஆனால் அவர்கள் அப்போது காட்டியது பெரிய ஹெட்போனில்தான்.

செவிநலம்:
ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவராகச் சொல்கிறேன், சிப்பைப் பற்றி யோசிக்கும் முன் செட்டிங் சரியா என்று பாருங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்து, மெஷின் உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளந்தார்களா? பல பேருக்கு இதைச் செய்வதே இல்லை, ஆடியோகிராமை (கேட்கும் திறன் சோதனையின் வரைபடம்) போட்டால் மென்பொருள் கொடுக்கும் கணக்கோடு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம், எதிரில் பேசுபவர் சட்டையில் மாட்டி, அவர் பேச்சை கம்பியில்லாமல் நேரே மெஷினுக்கு அனுப்பும் ரிமோட் மைக். ஏஐ அதை மிஞ்சுவது கடினம், ஏனென்றால் அது வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெஷினை மாற்றுவதானால் ஆரகாஸ்ட் உள்ளதாகப் பாருங்கள், ஒரே புளூடூத் ஒலிபரப்பை அரங்கில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நேரே மெஷினில் கேட்கலாம்.

மெல்லிசைப்பிரியன்:
எல்லோருக்கும் நன்றி. குழாய் மைக் வைத்து யாரும் எனக்கு அளந்ததில்லை, அதை முதலில் கேட்கிறேன். ரிமோட் மைக் பழைய மெஷினோடு சேருமா?

செவிநலம்:
மாடலைப் பொறுத்தது. அதே நிறுவனத்தின் மைக் பெரும்பாலும் சேரும். இல்லையென்றால் மெஷினில் டெலிகாயில் (காந்தப்புலம் வழியாக ஒலியை வாங்கும் சின்னக் கம்பிச்சுருள்) இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கழுத்தில் மாட்டும் லூப் வழியாக வேறு மைக்கையும் இணைக்கலாம். சில மெஷினில் டெலிகாயில் இருந்தும் அணைத்தே வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுவிடுங்கள்.